1879 பொறித்த கண்ணாடிக் கிளாஸ்: எழுத்து யாருடையது, அடியில் உள்ள கீறல் என்ன?

பூலாவ்தீக்குஸ்:
வணக்கம். பினாங்கில் எங்கள் குடும்பத்தில் இருக்கும் ஒரு கிளாஸ் பற்றி விவரம் தேவை. ஒயின் கிளாஸ் போல் குட்டைத் தண்டும் வட்ட அடித்தட்டும் கொண்டது. உயரம் 14.5 செ.மீ. வாய் அகலம் 8.4. அடித்தட்டு 7.9. வாயைச் சுற்றித் திராட்சைக் கொடி, இலை, குலை. ஒரு பக்கம் இலை வளையத்துக்குள் எஸ், எம் என்ற இரண்டு ஆங்கில எழுத்துகள் ஒன்றோடொன்று பின்னி இருக்கின்றன. அதற்குக் கீழே 1879. அடித்தட்டின் கீழ்ப்பக்கம் ஊசியால் கீறியது போல் “யஉல் எ” என்று தமிழில் ஏதோ இருக்கிறது. அதற்கு இதுவரை யாரும் பொருள் சொல்லவில்லை.

வீட்டில் சொல்வது இது: எள்ளுத்தாத்தா பெயர் எம்-இல் தொடங்கும், அவர் அப்பா பெயர் எஸ்-இல் தொடங்கும், துரை ஒருவர் கல்யாணப் பரிசாகச் செய்து கொடுத்தார். கிளாஸ் அந்தக் காலத்ததுதானா, எழுத்து அப்போதே பொறித்ததா, கீழே உள்ள கீறல் என்ன, இந்த மூன்றும் தெரிய வேண்டும். உட்புறம் கொஞ்சம் மங்கலாக இருக்கிறது. புளியும் சாம்பலும் போட்டுத் தேய்க்கலாம் என்கிறார்கள்.

ஈரக்காற்று:
மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் இது: புளி, சாம்பல், பித்தளை பாலிஷ், பல்பொடி எதுவும் வேண்டாம். சாம்பலில் உள்ள மணல்துகள் கண்ணாடியைக் கீறும். பொறிப்பின் பள்ளங்களில் போய் அடைத்துக்கொண்டால் திரும்ப எடுக்கவும் முடியாது. அந்தப் பள்ளத்தில் இருக்கும் பழைய அழுக்கும்கூட இப்போது உங்களுக்கு ஒரு சாட்சி. நண்பர்கள் பார்த்து முடிக்கும்வரை கழுவாமல் வையுங்கள். சுத்தம் செய்யும் முறையைப் பிறகு எழுதுகிறேன்.

கண்ணாடிச்சில்:
முதலில் எந்தக் கண்ணாடி என்று பார்ப்போம். ஈயம் கலந்ததா, சாதாரணச் சோடாக் கண்ணாடியா என்பதை வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம். 0.1 கிராம் காட்டும் தராசு வேண்டும், கேக் செய்பவர்கள் வைத்திருப்பது போதும்.

கிளாஸை உலர்ந்த நிலையில் எடை போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஒரு பிளாஸ்டிக் வாளியில் தண்ணீர் ஊற்றித் தராசின் மேல் வைத்து, எண்ணைச் சுழியாக்குங்கள். தண்டில் மெல்லிய தூண்டில் நரம்பைக் கட்டி, கிளாஸ் முழுவதும் முங்கும்படி இறக்குங்கள். அடியிலோ பக்கத்திலோ தொடக்கூடாது. அப்போது தராசு காட்டும் கிராம்தான் கண்ணாடியின் கன அளவு, மில்லிலிட்டரில். உலர் எடையை அதால் வகுத்தால் அடர்த்தி வந்துவிடும். சோடாக் கண்ணாடி 2.5 சுற்றி நிற்கும். ஈயக் கண்ணாடி 2.9-க்கு மேல் போகும்.

அடுத்து, பணம் சோதிக்கும் ஊதா விளக்கை இருட்டறையில் காட்டுங்கள். ஈயக் கண்ணாடி பெரும்பாலும் மங்கலான நீல ஊதாவாகத் தெரியும். மாங்கனீசு போட்டு நிறம் நீக்கிய சோடாக் கண்ணாடி பச்சையாகத் தெரியும். பளீரென்று கண்ணைப் பறிக்கும் பச்சை என்றால் யுரேனியம். விளக்கை மட்டும் நம்பி முடிவு கட்ட வேண்டாம், தராசோடு சேர்த்துப் பாருங்கள்.

மூன்றாவது, அடித்தட்டின் நடுவில் கீழ்ப்பக்கம் விரலை வையுங்கள். ஊதிச் செய்த கிளாஸின் வாயை முடிப்பதற்கு, அடியில் ஓர் இரும்புக் கம்பியை ஒட்டிப் பிடிப்பார்கள். வேலை முடிந்ததும் கம்பியை உடைத்து எடுப்பார்கள். அந்தத் தழும்பு கரடுமுரடாக இருக்கிறதா, அரைத்து வழுவழுப்பான குழியாக்கியிருக்கிறதா, தழும்பே இல்லையா என்று சொல்லுங்கள்.

பூலாவ்தீக்குஸ்:
நன்றி. உலர் எடை 286.0 கிராம். தண்ணீரில் 110 காட்டியது, அப்படியென்றால் 2.6. சாதாரணக் கண்ணாடிதானா? ஆனால் ஊதா விளக்கில் நீலமாகத்தான் தெரிகிறது. நடுவில் சுமார் 2.5 செ.மீ. அகலத்தில் வழுவழுப்பான குழி இருக்கிறது.

கண்ணாடிச்சில்:
கிளாஸைக் கவிழ்த்து இறக்கினீர்களா? அப்படி இறக்கினால் கிண்ணத்துக்குள் காற்று மாட்டிக்கொள்ளும். அந்தக் காற்றும் கன அளவில் சேர்ந்து, அடர்த்தி குறைவாக வரும். வாய் மேலே பார்க்க, முதலில் சாய்த்து உள்ளே தண்ணீர் நிரம்பிய பிறகு இறக்குங்கள். பொறிப்பில் ஒட்டியிருக்கும் சின்னக் குமிழிகளை மென்மையான தூரிகையால் தட்டிவிடுங்கள்.

பூலாவ்தீக்குஸ்:
ஆமாம், கவிழ்த்துத்தான் இறக்கியிருந்தேன். இப்போது மூன்று முறை செய்தேன்: 96.1, 95.9, 96.0. அடர்த்தி 2.98 வருகிறது.

கண்ணாடிச்சில்:
அப்படியானால் சந்தேகமில்லை, ஈயக் கண்ணாடி. ஆனால் அது வயதைச் சொல்லாது. இங்கிலாந்தில் ஜார்ஜ் ரேவன்ஸ்கிராஃப்ட் 1674-இல் காப்புரிமை வாங்கிய நாளிலிருந்து இன்றுவரை ஈயக் கண்ணாடி செய்கிறார்கள். 19-ஆம் நூற்றாண்டில் பிரான்சில் பக்காரா, பெல்ஜியத்தில் வால் சாங் லம்பேர் பட்டறைகளும் செய்தன. அதனால் “ஈயம் இருக்கிறது, ஆகவே இங்கிலாந்து” என்றும் சொல்லிவிட முடியாது. அரைத்து மெருகிட்ட குழி, கையால் செய்த நல்ல தரத்துச் சரக்கு என்பதைக் காட்டும். அச்சில் அழுத்திய கிளாஸ் என்றால் அச்சுப் பொருந்திய தையல்கோடு மேலிருந்து கீழாக ஓடும்.

வயதுக்கு அடித்தட்டின் விளிம்பைப் பாருங்கள். மேசையில் உட்காரும் வளையம் மட்டும் தேய்ந்திருக்க வேண்டும். பத்து மடங்கு பெருக்கும் லென்ஸில் அந்தக் கீறல்கள் பல திசையில், பல ஆழத்தில், ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தால் அது பல வருடம் மேசையில் நகர்ந்த தேய்மானம். ஒரே திசையில், ஒரே ஆழத்தில் இருந்தால் யாரோ உப்புத்தாள் போட்டுத் தேய்த்து வயது ஏற்றியிருக்கிறார்கள். லோரோங் கூலிட் சந்தையில் பழசு வாங்குபவர்கள் முதலில் திருப்பிப் பார்ப்பதும் இந்த இடத்தைத்தான்.

வாய் விளிம்பையும் நகத்தால் தொட்டுப் பாருங்கள். நெருப்பில் காட்டி முடித்த விளிம்பு உருண்டையாக இருக்கும். தட்டையாக, ஓரம் சுருக்கென்று இருந்தால் உடைந்த வாயை யாரோ அரைத்திருக்கிறார்கள். கொடி வேலைப்பாடு விளிம்புக்கு மிக நெருக்கமாகப் போய் முட்டி நின்றாலும் அதே சந்தேகம் வரும்.

பூலாவ்தீக்குஸ்:
விளிம்பு உருண்டைதான். கொடிக்கு மேலே 9 மி.மீ. வெற்றிடம் இருக்கிறது. அடி வளையத்தில் கீறல்கள் எல்லாத் திசையிலும் ஓடுகின்றன.

கண்ணாடிச்சில்:
நல்லது. இப்போது பொறிப்புக்கு வருவோம். 1879 என்ற எண்ணை வைத்து மட்டும் எதையும் முடிவு செய்யாதீர்கள். பழைய கிளாஸில் எண்ணைப் பின்னால் பொறிப்பது எப்போதும் நடந்திருக்கிறது. ஐம்பதாம் ஆண்டு விழாவுக்குச் செய்த கிளாஸில் முதல் ஆண்டைப் பொறிப்பதும் உண்டு.

எந்தக் கருவி என்று கண்டுபிடிப்பதுதான் வழி. செம்புச் சக்கர வேலை என்றால், குண்டூசித் தலை அளவிலிருந்து உள்ளங்கை அளவுவரை பல செம்பு வட்டுகள் இருக்கும். எண்ணெயில் குழைத்த குருந்தப் பொடியை வட்டின் விளிம்பில் தடவி, சுழலும் வட்டுக்குக் கீழே கிளாஸைப் பிடித்து மேல்நோக்கி அழுத்துவார்கள். வெட்டு விழும் இடத்தை வட்டும் எண்ணெயும் மறைத்திருக்கும், கை அனுபவத்தில்தான் வேலை ஓடும். அதனால் ஒவ்வொரு வெட்டும் படகு போல இருக்கும்: மெல்லத் தொடங்கி, நடுவில் ஆழ்ந்து, மெல்ல முடியும். எஸ் போன்ற வளைந்த எழுத்தை ஒரே வீச்சில் போட முடியாது. லென்ஸில் பார்த்தால் சின்னச் சின்னப் படகுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி வளைவை உண்டாக்கியிருக்கும்.

அமில வேலை வேறு மாதிரி. மெழுகு பூசி, கோடு கிழித்து, ஹைட்ரோஃப்ளோரிக் அமிலத்தில் முக்குவார்கள். ஆழம் எங்கும் ஒன்றாக இருக்கும், வளைவு வழுக்கிக்கொண்டு போகும். இங்கிலாந்தில் ஸ்டூர்பிரிட்ஜ் வட்டாரத்து ஜான் நார்த்வுட் 1860-களில் இதற்கு இயந்திரமே செய்தார். மணல் பீச்சும் முறைக்கு அமெரிக்கரான டில்க்மன் 1870-இல் காப்புரிமை வாங்கினார். அதில் வெள்ளைப் பரப்பு ஒரே சீராக, வெட்டுத்தாள் வைத்த ஓரம் கத்தரித்தது போல இருக்கும். லேசர் என்றால் வரிசை வரிசையாகப் புள்ளிகள், ஒவ்வொன்றைச் சுற்றியும் நுண்ணிய உடைவு. 1879-க்கு முதல் மூன்று முறையும் பொருந்தும், நான்காவது பொருந்தாது.

கிண்ணத்துக்குள் கறுப்பு வெல்வெட் துணியைச் சுருட்டி வையுங்கள், திணிக்க வேண்டாம். கைபேசி விளக்கை முன்னாலிருந்து அடிக்காமல், கண்ணாடியை உரசுவது போலப் பக்கத்திலிருந்து அடியுங்கள். மாவு, சுண்ணாம்பு, மை தடவிப் படிக்கும் பழக்கம் வேண்டாம். படத்தை நான்கு துண்டாக எடுங்கள், வளைவில் ஒரே படத்தில் எல்லாம் தெளிவாக விழாது.

ஒன்றை மட்டும் தவறாமல் பாருங்கள்: கிண்ணத்தின் வெளிப்புறத்தில் பழைய மெல்லிய கீறல் ஏதாவது எழுத்தைக் கடந்து போகிறதா? கீறல் எழுத்தின் பள்ளத்துக்குள்ளும் தொடர்ந்தால் எழுத்து முந்தியது, கீறல் பிந்தியது. எழுத்தின் ஓரத்தில் கீறல் துண்டுபட்டு, மறுபக்கம் மீண்டும் தொடங்கினால் எழுத்துதான் பின்னால் வந்திருக்கிறது.

பூலாவ்தீக்குஸ்:
படங்களைப் போட்டிருக்கிறேன். எஸ்-இன் வளைவில் நீங்கள் சொன்ன படகுகள் தெரிகின்றன, எண்ணினால் பதினொன்று. 1879-இல் உள்ள 8-ம் அப்படித்தான். 7-இன் கால் வழியாக ஒரு கீறல் பள்ளத்துக்குள் இறங்கி ஏறுகிறது.

கண்ணாடிச்சில்:
படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டேன். சக்கர வேலைதான். கொடியின் தண்டும் எழுத்தின் மெல்லிய கோடும் ஒரே அகல வட்டால் போட்டவை. எண்ணின் பள்ளத்தில் படிந்த சாம்பல் நிறமும் கொடியின் நிறமும் ஒன்று. கொடி, எழுத்து, எண் மூன்றும் ஒரே பட்டறையில் ஒரே நேரத்து வேலை என்று எழுத எனக்குத் தயக்கமில்லை. எழுத்து யாருடையது என்பது கண்ணாடி சொல்லாத விஷயம்.

செந்தூல்:
அந்த இடத்தில்தான் கவனமாக இருக்க வேண்டும். குடும்பத்தார் மனம் வருந்தக்கூடாது, ஆனாலும் சொல்லியாக வேண்டும்.

பின்னிய எழுத்தில் எது முதல், எது இரண்டாவது என்பது உறுதியில்லை. எஸ்.எம். என்றும் படிக்கலாம், எம்.எஸ். என்றும் படிக்கலாம். ஐரோப்பிய வழக்கில் கடைசி எழுத்து குடும்பப் பெயர், தமிழ் வழக்கில் முதல் எழுத்து அப்பா பெயர். இரண்டையும் ஒரே கண்ணால் படித்தால் தப்பாகிவிடும். மேலும் 1879-இல் இங்கே தமிழர் பெயரை ஆங்கிலப் பதிவுகளில் எழுதியது பெரும்பாலும் “இன்னார் மகன் இன்னார்” என்றோ, பெயரோடு பிள்ளை, செட்டி சேர்த்தோதான். தந்தை பெயரை ஓர் எழுத்தாகச் சுருக்கி முன்னால் வைப்பது அன்று எல்லோரிடமும் இருந்த வழக்கமல்ல. கல்வி பெற்ற கிராணிமார் (எழுத்தர்கள்), வட்டிக்கடை வைத்தவர்கள் என்றால் இருக்கலாம். எள்ளுத்தாத்தா என்ன வேலை பார்த்தார் என்று சொன்னால் உதவும்.

இன்னொரு வழியும் உண்டு. நீரிணைக் குடியேற்றங்களில் (பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் சேர்ந்த பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதி) வேலை முடிந்து ஊர் திரும்பும் வெள்ளைக்காரர்கள் மேசை நாற்காலி, வெள்ளிச் சாமான், கண்ணாடிச் சாமான் எல்லாவற்றையும் ஏலத்தில் விட்டுவிட்டுப் போவார்கள். அந்தக் காலப் பத்திரிகைகளில் இந்த ஏல அறிவிப்புகள் நிறைய. அப்படி வாங்கிய கிளாஸில் இருக்கும் எஸ்.எம். விற்றவருடைய எழுத்து. வாங்கிய தமிழ்க் குடும்பத்தில் அதே எழுத்தில் ஒரு பெயர் இருந்தால், இரண்டு தலைமுறைக்குள் அது அந்தப் பெயராகவே ஆகிவிடும். யாரும் பொய் சொல்வதில்லை, எழுத்தும் பெயரும் தானாக ஒட்டிக்கொள்கின்றன.

கிட்டங்கிக்கணக்கு:
எல்லோரும் மேலே பார்க்கிறீர்கள். இந்தக் கிளாஸில் தமிழ்க் கை பட்ட இடம் கீழேதான் இருக்கிறது.

“யஉல் எ” என்பதை எழுத்தாகப் படித்ததால்தான் பொருள் வரவில்லை. எண்ணாகப் படியுங்கள். க, உ, ங, ச, ரு, சா, எ, அ, கூ, ய என்று நம் பழைய எண்களைச் சொல்லிக் கொடுப்பார்களே, அதுதான். ௰ என்றால் பத்து, கையெழுத்தில் ய-வும் அதுவும் ஒன்று. ௨ என்றால் இரண்டு. ௰௨ பன்னிரண்டு. “ல்” என்பது உருபு. ௭ ஏழு. “௰௨ல் ௭” என்றால் பன்னிரண்டில் ஏழாவது. ஒரு டஜன் கிளாஸில் ஏழாம் கிளாஸ் என்று சாமான் கணக்கு எழுதிய ஒருவர் போட்ட அடையாளம்.

படத்தில் ௨-வின் சுழியைப் பாருங்கள். வட்டமாக இல்லை, ஐந்து ஆறு சின்ன நேர்கோடுகளாக முறிந்து முறிந்து போகிறது, முனைகளில் துளித்துளியாகக் கண்ணாடி தெறித்திருக்கிறது. ஜன்னல் கண்ணாடி அறுக்கும் வைர முனையைப் பேனா போலப் பிடித்து எழுதினால் இப்படித்தான் வரும். வைரம் நேராக ஓடும், வளையச் சொன்னால் வழுக்கும். தமிழ் எழுத்தோ முழுக்க வளைவு. ல்-இன் புள்ளி பள்ளமாக இல்லாமல் நட்சத்திரம் போல உடைந்திருப்பதும் அதனால்தான், அங்கே முனையைக் குத்தியிருக்கிறார்.

பித்தளை, வெண்கலப் பாத்திரத்தில் பேர் வெட்டுவது நம் எல்லா வீட்டிலும் உள்ளது. செட்டியார் வீடுகளில் வெட்டும் விலாசம், அதாவது பெயர்ச் சுருக்கம், பெரும்பாலும் பாட்டனார், தந்தையார் எழுத்துகள் சேர்ந்த கடை விலாசம். அதைத் தனி ஆள் பெயராகப் படிக்கக்கூடாது. பினாங்கு ஸ்திரீட் கிட்டங்கிகளில், அதாவது செட்டியார் கடைகளில், வைத்துக்கொண்ட கணக்கும் அந்த விலாசத்தின் பெயரில்தான். கண்ணாடியில் உளி வைத்துப் பேர் வெட்ட முடியாது, உடைந்துவிடும். ஆகவே எண்ணை மட்டும் கீறிவிட்டு, விவரத்தை ஏட்டில் எழுதிக்கொள்வார்கள்.

ஆனால் ஒரு சந்தேகத்தை நானே சொல்லிவிடுகிறேன். கடைசி எழுத்து ௭ என்ற எண்ணா, எ என்ற பெயரெழுத்தா என்பதை இந்த ஒரு கிளாஸை வைத்துத் தீர்க்க முடியாது. எண் என்றால் ஒவ்வொரு கிளாஸிலும் வேறு வேறாக இருக்கும். பெயரெழுத்து என்றால் எல்லாவற்றிலும் எ-தான் இருக்கும். உறவினர் வீடுகளில் இன்னொன்று இருந்தால் அடியைப் பார்க்கச் சொல்லுங்கள். பாகப்பிரிவினையில் டஜன் சாமான் பிள்ளைகளுக்குள் பிரிந்து போயிருக்கும், ஈப்போ, கிள்ளான், தைப்பிங் என்று.

பார்க்கும்போது அடித்தட்டைக் கவிழ்த்து வைத்து, கீறிய பக்கம் கண்ணுக்கு நேராக இருக்கும்படி படம் எடுங்கள். கிளாஸுக்குள் மேலிருந்து பார்த்துப் படித்தால் எழுத்து இடம் வலமாகத் திரும்பிவிடும், ௭ வேறு ஏதோ போலத் தெரியும்.

செந்தூல்:
அருமை. அப்படியானால் இரண்டு கைகள்: ஐரோப்பாவில் சக்கரம் பிடித்த கை, இங்கே வைரம் பிடித்த கை. குடும்பத்துக்கு உறுதியாகச் சொந்தம் என்று சொல்லத்தக்கது இரண்டாவதுதான்.

பழந்தாள்:
தாள்களில் தேடுவதற்கு: பினாங்கு 1867 ஏப்ரல் 1 முதல் நீரிணைக் குடியேற்றங்கள் என்ற முடியாட்சிக் காலனியில் ஒரு பகுதி. ஆண்டுதோறும் நீலப் புத்தகம் என்று ஒன்று அச்சிட்டார்கள், அதில் அரசு ஊழியர் பட்டியல் பதவி, சம்பளத்துடன் இருக்கும். எள்ளுத்தாத்தா அரசுக் கிராணி என்றால் 1879-ஐ ஒட்டி நான்கைந்து வருடப் புத்தகங்களைப் பார்க்க வேண்டும். கோலாலம்பூர் அர்கிப் நெகாராவில் (தேசிய ஆவணக் காப்பகம்) கேளுங்கள். கேட்கும்போது “எங்கள் தாத்தா பற்றி ஏதாவது இருக்கிறதா” என்று கேட்டால் வேலை நடக்காது. எந்தத் தொகுதி, எந்த ஆண்டு என்று கேட்க வேண்டும்.

ஏல அறிவிப்புக்கு, சிங்கப்பூர் தேசிய நூலக வாரியத்தின் நியூஸ்பேப்பர்எஸ்ஜி தளத்தில் இலவசமாகத் தேடலாம், ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ் 1845-லிருந்து இருக்கிறது. இன்றைய எழுத்துக்கூட்டில் தேடினால் ஒன்றும் கிடைக்காது. முத்து என்பதை ஆங்கிலத்தில் எழுதும்போது யூ-க்குப் பதில் பெரும்பாலும் இரட்டை ஓ இருக்கும், சில இடத்தில் டி ஒன்று, சில இடத்தில் இரண்டு. பிள்ளை என்பதை ஒய்-இல் முடித்திருப்பார்கள், செட்டியை இ போட்டும் ஐ போட்டும் எழுதியிருப்பார்கள். பழைய அச்சை இயந்திரம் படிக்கும்போது இ-யும் சி-யும் குழம்பும். அதனால் முழுப் பெயரைப் போடாமல் நடுவில் உள்ள நான்கைந்து எழுத்தை மட்டும் போட்டு, ஆண்டை 1875 முதல் 1895 வரை வரம்பிட்டுத் தேடுங்கள். ஏலம் என்றால் கிளாஸ் பொறித்த ஆண்டில் நடந்திருக்க வேண்டியதில்லை, பத்து வருடம் கழித்தும் நடந்திருக்கலாம்.

வீட்டுத் தாள்களில் பாகப் பத்திரம், கல்யாணச் சீர் எழுதிய பட்டியல், பழைய பேரேடு எது இருந்தாலும் சாமான் வரிசையைப் பாருங்கள். தமிழ் வருடப் பெயர் போட்டிருந்தால் ஆங்கில ஆண்டுக்கு மாற்றும்போது கவனம்: சுழற்சி 60 ஆண்டு, பிரபவ 1867 ஏப்ரலில் தொடங்கியது, அடுத்தது 1927. அந்தக் கணக்கில் 1879 ஏப்ரல் முதல் 1880 ஏப்ரல் வரை பிரமாதி. சர்வசித்து 1887, ஹேவிளம்பி 1897. தை, மாசி, பங்குனித் தேதி என்றால் ஆங்கில ஆண்டு ஒன்று கூடிவிடும்.

பெரியவர்களிடம் கேட்கும்போது “இது துரை கொடுத்ததுதானே” என்று விடையைச் சேர்த்துக் கேட்காதீர்கள். கிளாஸை எங்கே வைத்திருந்தார்கள், யார் எடுப்பார், எத்தனை இருந்தது, எது எப்போது உடைந்தது என்று கேளுங்கள். எண்ணிக்கை நினைவு, காரணக் கதையைவிட உறுதியாக நிற்கும்.

ஈரக்காற்று:
இப்போது சுத்தம் செய்யலாம். சின்க்கில் செய்யாதீர்கள், குழாயில் பட்டு உடைவதுதான் அதிகம். பிளாஸ்டிக் தொட்டியின் அடியில் துண்டு விரித்து, அறை வெப்பத்தில் தண்ணீர் ஊற்றி, வாசனை இல்லாத பாத்திர சோப்பு இரண்டு மூன்று துளி போதும். மோதிரம், வளையலைக் கழற்றிவிடுங்கள். கிண்ணத்தைக் கையில் தாங்கிப் பிடியுங்கள். ஒரு கை அடித்தட்டையும் மறு கை கிண்ணத்தையும் பிடித்துத் திருகுவது போலத் துடைத்தால் தண்டு முறியும். பெரும்பாலான பழைய கிளாஸ் இப்படித்தான் போகிறது. பொறிப்புக்கு ஒப்பனைத் தூரிகை போன்ற மென்மையான ஒன்று. கடைசியாகக் காய்ச்சி வடித்த நீரில் ஒரு முறை அலசி, பஞ்சுத் துணியில் ஒற்றி எடுங்கள்.

உள்ளே உள்ள மங்கல் இரண்டு காரணத்தால் வரும். ஒன்று தண்ணீர் உப்பு. ஒரு பங்கு வெள்ளை வினிகருக்கு நான்கு பங்கு தண்ணீர் கலந்து, பஞ்சில் தொட்டு மங்கிய இடத்தில் மட்டும் சில நிமிடம் வைத்தால் உப்பு கரைந்துவிடும். ஊறப் போட வேண்டாம், ஈயக் கண்ணாடிக்குப் புளிப்பு ஆகாது. மற்றொன்று கண்ணாடியின் மேல்தோலே அரிக்கப்பட்டது. நம் குழாய்த் தண்ணீர் பெரும்பாலும் மென்னீர், அதனால் உப்பைவிட இதற்கே வாய்ப்பு அதிகம். நனைத்தால் தெளிவாகி, காய்ந்ததும் திரும்ப மங்கி, வினிகருக்கும் அசையாவிட்டால் அது அரிப்பு. அமில மெருகு போட்டால் பளபளக்கும், ஆனால் மேல்தோலோடு பொறிப்பின் கூர்மையும் போய்விடும். அப்படியே விடுங்கள்.

அரிப்பு வரக் காரணம், உள்ளே ஈரத்தோடு மூடி வைப்பது. பினாங்குக் காற்றில் ஈரப்பதம் எப்போதும் அதிகம். கழுவிய கிளாஸைக் கவிழ்த்து அலமாரியில் வைத்தால் உள்ளே உள்ள ஈரத்துக்கு வெளியேற வழியில்லை. அந்த ஈரம் கண்ணாடியிலுள்ள காரத்தை மெல்ல வெளியே இழுக்கும், அந்தக் காரமே பிறகு கண்ணாடியைத் தின்னும். நிமிர்த்தி வையுங்கள். கவிழ்த்தால் எடை முழுவதும் வாய் விளிம்பில் இறங்கும், அது கிளாஸின் மெலிந்த இடம். குமிழித்தாள், செய்தித்தாள், ரப்பர் வளையம், பாச்சை உருண்டை எதுவும் பக்கத்தில் வேண்டாம். கழுவி வெளுத்த பருத்தித் துணி போதும்.

தொட்டால் வழவழவென்று சோப்பு போல இருந்தாலோ, துளித்துளியாக வியர்த்தாலோ, நுண்ணிய வலை போல வெடிப்பு தெரிந்தாலோ அது கண்ணாடி நோய். அப்போது சிலிக்கா ஜெல் பொட்டலத்தைக் கொட்டி ஒரேயடியாக உலர்த்திவிடாதீர்கள். ஈரப்பதம் 40 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கினால் வெடிப்பு விரியும். உங்கள் படத்தில் அப்படி எதுவும் தெரியவில்லை.

விசேஷ நாளில் ஒரு வாய் தண்ணீர் குடித்தால் ஒன்றும் ஆகாது. எலுமிச்சைச் சாறோ ஒயினோ ஊற்றி வைத்துவிடாதீர்கள், புளிப்பு ஈயத்தை இழுக்கும். பிள்ளைகளுக்கு இதில் கொடுக்கவே வேண்டாம்.

பூலாவ்தீக்குஸ்:
எல்லோருக்கும் நன்றி. பழந்தாள் சொன்னபடி கேட்டதில், பெரிய அத்தைக்குக் கிளாஸ் எத்தனை என்று நினைவிருக்கிறது: அவர் சின்னப் பிள்ளையாக இருந்தபோது நான்கு. எள்ளுத்தாத்தா துறைமுகத்தில் சரக்கு ஏற்றி இறக்கும் கணக்கு எழுதினார் என்கிறார், அரசு வேலையா தனியார் வேலையா என்று தெரியவில்லை.

ஈப்போவில் சித்தப்பா வீட்டில் ஒன்று இருக்கிறது. அதே கொடி, அதே எழுத்து, 1879-ம் இருக்கிறது. அடியில் கீறல் உண்டு. படம் அனுப்பியிருக்கிறார்கள். முதலில் “யஉல்” தெளிவாக இருக்கிறது. கடைசி எழுத்து எ இல்லை. ஙவா, நவா தெரியவில்லை.

கிட்டங்கிக்கணக்கு:
படம் கிளாஸுக்குள் மேலிருந்து எடுத்தது, எழுத்து திரும்பி இருக்கிறது. நான் புரட்டிப் பார்த்தேன். மேலே ஒரு கோடு, வலப்பக்கம் இறங்கி உள்ளே மடிந்து, வால் கீழே இழுபட்டிருக்கிறது. அது ௩, மூன்று. ௰௨ல் ௩.

எ வேறு, இது வேறு என்பதால் இரண்டும் எண்தான். பன்னிரண்டில் மூன்றும் ஏழும் கிடைத்துவிட்டன. ல்-இன் புள்ளி இதிலும் நட்சத்திரமாக உடைந்திருக்கிறது, ௨-வின் சுழி இதிலும் அதே இடத்தில் முறிகிறது. ஒரே ஆள், ஒரே வைரம்.

துறைமுகத்தில் கணக்கு எழுதியவர் என்றால் அவர் கையெழுத்து எங்காவது இருக்கும். கடன் சீட்டு, கோயில் நன்கொடைக் கணக்கு, எதுவானாலும் தமிழ் எண் போட்ட தாள் கிடைத்தால் ௨-வும் ௭-உம் உள்ள இடத்தைப் படம் எடுத்துப் போடுங்கள். வைரத்தில் வளைவு முறியும், ஆனால் கோட்டை எங்கே தொடங்குகிறார், வாலை எந்தப் பக்கம் இழுக்கிறார் என்பது மாறாது.

செந்தூல்:
சித்தப்பா வீட்டுக் கிளாஸைத் தபாலில் அனுப்பச் சொல்லாதீர்கள். அங்கேயே எடை போட்டு, தண்ணீரில் இறக்கி, எண்ணை மட்டும் அனுப்பட்டும். வாய் மேலே பார்க்க.